பதினெட்டு நாள்

சாண்ட்ஹில்ஸ் நிலையத்தில் ரயில் நின்றதும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் இடப்பக்க ஜன்னலுக்குத் திரும்பினார்கள். மெர்சி ஆற்றங்கரையில், பழைய கப்பல்துறை ஒன்றை மணல் கொட்டி நிரப்பிய இடத்தில், எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தின் புதிய மைதானம் நின்றது. கீழே செங்கல், மேலே வளைந்து இறங்கும் உலோகக் கூரை. 52,000 பேருக்கு மேல் உட்காரலாம். கட்டுமானம் ஏறக்குறைய முடிந்திருந்தது. நீலக் கம்பளிக் குல்லா போட்ட ஒரு சிறுவன், எட்டு வயது இருக்கும், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டான்: “அப்பா, நாம அங்க போறப்போ எந்த டிவிஷன்ல இருப்போம்?”

அப்பா பதில் சொல்லவில்லை. எதிர் இருக்கைக்காரர் சொன்னார்: “அந்த ஆளை எப்போ அனுப்புறாங்கங்கிறதைப் பொறுத்தது, கண்ணா.” அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “அனுப்பிட்டா மட்டும் கோல் விழுந்துடுமா?” அடுத்த நிலையம் கர்க்டேல். சில நிமிடப் பயணம்தான். அதற்குள் பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. பிரீமியர் லீக்கில் 17 ஆட்டம் ஆடி 17 புள்ளி எடுத்திருந்தது எவர்ட்டன். இருபது அணிகளில் கடைசி மூன்று, பருவம் முடிந்ததும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். 1954 முதல் ஒரு வருடம்கூட விடாமல் முதல் பிரிவில் இருந்துவரும் கழகம் இது. 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கில் ஆண்கள் அணிக்கு அதுவே கடைசிப் பருவம். புது வீட்டுக்குக் குடிபோகிற வேளையில் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. அந்தப் பயம் ஒரு மனிதரின் பெயரைச் சுற்றிக்கொண்டிருந்தது: மேனேஜர் ஷான் டைச்.

இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்றால் வெறும் பயிற்சியாளர் இல்லை. யாரை ஆடவிடுவது, எப்படி ஆடுவது, யாரை வாங்கித் தரச்சொல்லிக் கேட்பது, தோற்ற அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்காருவது எல்லாம் அவர்தான். நான் இந்த அணியைப் பின்தொடரத் தொடங்கியது 2004-05 பருவத்தில். அந்த வருடம் நான்காம் இடத்தில் முடித்தார்கள். அன்றிலிருந்து சென்னையில் எத்தனையோ நள்ளிரவுகளைத் தொலைக்காட்சி முன்னால் இவர்களுக்காகக் கழித்திருக்கிறேன். லிவர்பூலுக்குக் கிளம்பும்போதே மனதில் தீர்ப்பு எழுதியாயிற்று. டைச் போக வேண்டும். குடிசன் பார்க்கை மூடுமுன் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன். தீர்ப்பை மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

கர்க்டேலில் இறங்கி நடந்தால், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள். தெருவுக்குத் தெரு அதே சன்னல், அதே கதவு. பிறகு ஒரு முனை திரும்பியதும் வானத்தை மறைத்துக்கொண்டு நீலமாக எழுந்து நிற்கிறது மைதானம். காலி நிலமோ வாகன நிறுத்தமோ நடுவில் இல்லை. கோயில் மதிலை ஒட்டி மாடவீதி ஓடுவது மாதிரி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசற்படி, இந்தப் பக்கம் அரங்கச் சுவர். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டி நீலக் கழுத்துத்துணிகள் விற்றுக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம், இரண்டு பார்வையாளர் அரங்குகளுக்கு நடுவே சொருகிவைத்தது போல நிற்கிறது. புல்லன்ஸ் சாலைப் பக்கத்து அரங்கு, ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வடிவமைத்தது. அதன் மேல்மாட முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எஃகுச் சட்டங்கள்தான் அவர் கையெழுத்து. 1966 உலகக் கோப்பையில் பெலே இங்கே ஆடினார். வட கொரியா மூன்று கோல் முன்னிலை பெற்றிருந்த காலிறுதியில் யூசேபியோ நான்கு கோல் அடித்து போர்ச்சுகலைக் கரையேற்றியதும் இதே புல்லில். 1927-28 பருவத்தில் லீக்கில் மட்டும் 60 கோல் அடித்த டிக்ஸி டீனின் சிலை வெளியே நின்றது. 1980இல் அவர் உயிர் போனதும் இங்கேதான், லிவர்பூலுடனான ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில்.

என் நண்பர் இந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவரோடு பணிபுரியும் செவிலிப் பெண் ஒருவர் வழியாகத்தான் எனக்கு இடம் கிடைத்தது. அவள் அப்பா ஊரில் இல்லை. அவருடைய பருவ இருக்கை, தாத்தாவின் இருக்கைக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. பேத்திக்கு இருபத்தேழு வயது. தாத்தாவுக்கு எழுபத்துநான்கு. தேவாலயக் கூடத்தில், ஆட்ட நாட்களில் தேநீரும் ரொட்டியும் விற்கிற இடத்தில், இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கை குலுக்கி முடிக்கும் முன்பே பெரியவர் கேட்டார்: “தம்பி, நீ எந்தப் பக்கம்?”

சொன்னேன். பேத்தி மேசையில் தட்டிச் சிரித்தாள். பெரியவர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, “சரி, பேசலாம், நேரம் இருக்கு” என்றார்.

பேத்தியின் வழக்கு எண்களால் ஆனது. பதினேழு ஆட்டத்தில் 15 கோல். அதிலும் நான்கு ஒரே நாளில், உல்வ்ஸ் அணிக்கு எதிராக. ஒன்பது ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆகஸ்ட் கடைசி நாளில் இதே மைதானத்தில் போர்ன்மத்துக்கு எதிராக 87ஆம் நிமிடம் வரை 2-0 முன்னிலை, அங்கிருந்து 2-3 தோல்வி. “நான் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். வார்டுல போய் நின்னப்பதான் ஒரு நோயாளி சொன்னார்.” அவள் குரலில் கோபம் குறைவு, களைப்பு அதிகம். பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள், வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரமாவது மனசு துள்ள வேண்டும் என்று கேட்பது தப்பா? இதை அவள் கேள்வியாகவே கேட்டாள்.

பெரியவர் எண்களை மறுக்கவில்லை. வேறு எண்களை எடுத்தார். ஆர்சனல், செல்சி, மான்செஸ்டர் சிட்டி, இந்த மூன்று பேரோடும் பன்னிரண்டு நாளுக்குள் ஆடி மூன்றையும் டிரா செய்தது இதே அணிதான். 2023 ஜனவரி கடைசியில் டைச் வந்தபோது அணி கீழே போய்க்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே, லீக்கில் முதலிடத்தில் இருந்த ஆர்சனலை 1-0 என்று தோற்கடித்தார். அந்தப் பருவத்தின் கடைசி நாளில் ஒரே ஒரு கோலில் முதல் பிரிவைக் காப்பாற்றினார். அடுத்த வருடம், கழகம் கணக்கை மீறிச் செலவழித்த குற்றத்துக்காக முதலில் பத்துப் புள்ளி பறித்தார்கள், பிறகு அதை ஆறாக்கினார்கள், மேலும் இரண்டு பறித்தார்கள். மொத்தம் எட்டுப் போயும் 40 புள்ளியோடு 15ஆம் இடம். “ஆடிச் சம்பாதிச்சது 48. பணத்தைத் தண்ணியா இறைச்சது யாரு, அபராதம் கட்டினது யாரு?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் ஏப்ரலில் லிவர்பூலை இங்கே 2-0 என்று வென்றதையும் நான் பார்த்திருக்கிறேன். 2010க்குப் பிறகு சொந்த மண்ணில் அவர்களை வெல்வது அதுதான் முதல் தடவை. அதிகாலையில் வீட்டில் எல்லாரும் தூங்க, நான் தனியாக எழுந்து நின்று கத்தினேன். அந்த மனிதரைத்தான் அனுப்பச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் பெரியவரின் உண்மையான வாதம் டைச்சைப் பற்றியது இல்லை. அது நாற்பத்தொரு வருடம் பழையது. 1983 டிசம்பர் 31, கவென்ட்ரியுடன் ஆட்டம். மேனேஜர் ஹவர்ட் கெண்டல், இதே கழகத்துக்கு ஆடி 1970இல் லீக் பட்டம் வென்றவர். வந்து இரண்டரை வருடம் ஆகியும் அணி எழவில்லை. அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் 13,659 பேர். கோல் எதுவும் இல்லாமல் முடிந்தது. அந்த நாட்களில் கெண்டலும் கழகத் தலைவர் பிலிப் கார்ட்டரும் வெளியேற வேண்டும் என்று துண்டறிக்கைகள் கைமாறின. கெண்டல் வீட்டுக் கார் கொட்டகைக் கதவில், வெளியே போ என்று வண்ணத்தால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

“வாசல்ல ஒருத்தன் அந்த நோட்டீஸை நீட்டினான். நிறைய பேர் கசக்கிப் போட்டாங்க. நான் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன்” என்றார் பெரியவர். “அன்னைக்கு வீட்டுக்குப் போய், இனி அந்த ஆள் இருக்கிற வரைக்கும் காலெடுத்து வைக்கமாட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். முப்பத்துமூணு வயசு. சொன்னா சொன்னதுதான்.”

அடுத்த வாரம் எஃப்.ஏ. கோப்பைக்காக ஸ்டோக் ஊருக்குப் போனது எவர்ட்டன். ஆட்டத்துக்கு முன் கெண்டல் உடைமாற்றும் அறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே பாடிக்கொண்டிருந்த எவர்ட்டன் ரசிகர்களின் குரலைக் காதால் கேளுங்கள் என்று வீரர்களிடம் சொன்னார். வேறு உரை எதுவும் தேவைப்படவில்லை. வென்றார்கள். பிறகு ஜனவரி 18, ஆக்ஸ்ஃபர்டில் லீக் கோப்பைக் காலிறுதி. எதிரணி மூன்றாம் பிரிவு. எவர்ட்டன் 0-1 என்று பின்தங்கி, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸ்ஃபர்டின் கெவின் பிராக் தன் கோல்காப்பாளருக்குப் பந்தைத் திருப்பித் தட்டினார். தட்டியதில் வேகம் போதவில்லை. ஏட்ரியன் ஹீத் பாய்ந்து பந்தைப் பறித்து, கோல்காப்பாளரைச் சுற்றிப் போய் உள்ளே தள்ளினார். 1-1. மறு ஆட்டத்தில் வெற்றி. மே மாதம் எஃப்.ஏ. கோப்பை. 1985இல் லீக் பட்டமும், ராட்டர்டாமில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையும். 1987இல் மறுபடி லீக். இந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே ஆகச் சிறந்த மேனேஜர் யார் என்று இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பெயர் அவருடையது.

“டிசம்பர் 31லேர்ந்து ஜனவரி 18. எண்ணிப் பாரு. பதினெட்டு நாள்” என்றார். பாரதப் போர் முடியவும் அவ்வளவு நாள்தான் ஆயிற்று என்று எனக்குள் ஓடியது. “ஆக்ஸ்ஃபர்டுக்குப் போனேன்னு இந்த ஊர்ல சொல்றவங்களை எல்லாம் சேர்த்தா அந்த மைதானம் கொள்ளாது. நான் போகலை. ரேடியோகூடப் போடலை. சமையலறைச் சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்தேன். மறுநாள் வேலைக்குப் போனப்பதான் தெரியும்.” சற்று நேரம் பேசவில்லை. “அதுக்கப்புறம் எவனையும் வெளியே போன்னு நான் சொன்னதில்லை. எவனையும்.”

பேத்தி இதைப் பலமுறை கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் கையுறையைச் சரிசெய்துவிட்டபடியே சொன்னாள்: “தாத்தா, நீங்க அன்னைக்குப் போகாததுக்கு நாங்க இன்னும் எத்தனை வருஷம் விரதம் இருக்கணும்?”

பிறகு அவள் சொன்னதுதான் அந்தக் கூடத்தில் நான் கேட்ட மிகக் கூர்மையான பேச்சு. கெண்டல் சும்மா பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நவம்பரிலேயே ஆண்டி கிரேயை வாங்கியிருந்தார். காலின் ஹார்வியை முதல் அணிப் பயிற்சிக்கு உயர்த்தியிருந்தார். கோலில் நெவில் சவுத்தால், நடுக்களத்தில் பீட்டர் ரீட், பின்னால் கெவின் ராட்கிளிஃப் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். விதை மண்ணுக்குள் இருந்தது, மழை பதினெட்டாம் நாள் வந்தது. “டைச் எதை மாத்தியிருக்கார்? ஜூன்ல ஒப்பந்தம் தானா முடியுது. அவருக்கே அதுக்கப்புறம் இங்க இருப்போமான்னு தெரியாது. எதை நம்பிக் காத்திருக்கச் சொல்றீங்க?”

“வாங்க அவருக்குக் காசு கொடுத்தது யாரு?” என்றார் பெரியவர்.

அவர்கள் பேச்சைக் கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. இந்த ஊரில் வருடங்கள்தான் வாதம். 1984 என்றால் பொறு என்று பொருள். 1961 என்றால் வேறு பொருள். அந்த வருடம் ஜானி கேரி மேனேஜர், அணி ஐந்தாம் இடத்தில் முடித்த பருவம், மோசமே இல்லை. ஆனாலும் லண்டனில் ஒரு டாக்சியின் பின் இருக்கையில் வைத்தே அவரை வேலையிலிருந்து நீக்கினார் கழகத் தலைவர் ஜான் மூர்ஸ். அது கொடுமை என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் அடுத்து வந்த ஹாரி கேட்டரிக் 1963இலும் 1970இலும் லீக்கை வென்றார். 1994 நவம்பரில் மைக் வாக்கரை அனுப்பிவிட்டு ஜோ ராய்லைக் கொண்டுவந்தார்கள். ஆறே மாதத்தில், 1995 மே மாதம், எஃப்.ஏ. கோப்பை. அதுதான் இந்தக் கழகம் கடைசியாக வென்ற பெரிய கோப்பை. பேத்தி பிறப்பதற்கு முன்பு நடந்தது அது. எல்லாருக்கும் ஒரு வருடம் கையில் இருக்கிறது, எல்லா வருடமும் உண்மை.

இந்த வாதத்துக்கெல்லாம் முந்திய ஒரு செய்தியும் உண்டு. எவர்ட்டன் ஒன்பது முறை லீக் பட்டம் வென்றிருக்கிறது. அதில் முதல் ஐந்தை, 1891 முதல் 1939 வரை, மேனேஜர் என்று ஒருவர் இல்லாமலே வென்றார்கள். செயலரும் குழுவும் உட்கார்ந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் மேனேஜராகத் தியோ கெல்லி பொறுப்பேற்றதே 1939இல்தான். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவருக்குத் தெரிந்திருந்தது. “அப்போ திட்டுறதுக்கு யாரு இருந்திருப்பா?” என்று மட்டும் கேட்டார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று வரை அந்தக் கேள்வியிலேயே நிற்கிறேன்.

மூன்று மணி ஆட்டம். புல்லன்ஸ் சாலை மேல்மாடத்தில் மர இருக்கைகள். முன்னால் ஒரு இரும்புத்தூண், இடப்பக்கக் கோலின் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. மிட்டாய்ப் பெண் என்று அழைக்கப்படுகிறவர், பழங்கால உடையில், கைக்கூடையோடு எல்லைக்கோட்டை ஒட்டி நடந்து எவர்ட்டன் மின்ட் மிட்டாய்களைக் கூட்டத்துக்குள் வீசினார். பழைய போலீஸ் தொடர் ஒன்றின் முகப்பு இசை ஒலிக்க அணி ஓடிவந்தது. அறுபதுகளிலிருந்து அதே இசைதான். கரகரவென்று முழங்கும் அந்த மேளத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைக்க மாட்டேன். இருபது வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒலி.

எதிரணி நாட்டிங்காம் ஃபாரஸ்ட். உட்கார்ந்ததும் பேத்தி என் காதருகே குனிந்து சொன்னாள்: “இவங்க போன வருஷம் என்ன செஞ்சாங்க தெரியுமா?” தெரியும். ஸ்டீவ் கூப்பர் என்ற மேனேஜர், இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அவர்களை முதல் பிரிவுக்கு ஏற்றியவர். ரசிகர்கள் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் கழகம் அவரை அனுப்பியது. பதிலுக்கு வந்தவர் நூனோ. சரியாக ஒரு வருடம். இன்று ஜெயித்தால் அவர்கள் இரண்டாம் இடத்துக்குப் போவார்கள்.

ஜெயித்தார்கள். 15ஆம் நிமிடத்தில் கிறிஸ் வுட், 61ஆம் நிமிடத்தில் மார்கன் கிப்ஸ்-ஒயிட். ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எவர்ட்டன் பந்தை முன்னால் தூக்கி அடித்தது, பந்து திரும்பி வந்தது. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. இரண்டாம் கோலுக்குப் பிறகு மைதானத்தில் எழுந்த சத்தம் கோபமில்லை. நாற்பதாயிரம் பேருக்குச் சற்றுக் குறைந்த கூட்டம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் எழும் இரைச்சல் அது. யாரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பி, தேவாலயக் கூடத்தில் நான் கேட்ட அதே வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக முகங்கள் பக்கவாட்டில் திரும்பியிருந்ததை மேல்மாடத்திலிருந்து பார்க்க முடிந்தது.

கடைசி விசில் ஊதியதும் சில பக்கங்களிலிருந்து ‘பூ’ என்ற ஒலி எழுந்தது. டைச் எதிரணி மேனேஜரோடு கை குலுக்கிவிட்டு, தலையை நிமிர்த்தியபடி சுரங்கவழிக்குள் நடந்தார். எனக்கு இடப்பக்கம் பெரியவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். தடித்த கம்பளிக் கையுறை. சத்தமே வரவில்லை. பேத்தி கைதட்டவுமில்லை, ஊளையிடவுமில்லை. தாத்தாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வரும்போது இருந்த தீர்ப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை அந்த மனிதர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியே, உருளைக்கிழங்கு வறுவலும் மீனும் விற்கும் கடையின் வரிசையில் நின்றபோது இன்னொருவர் சேர்ந்துகொண்டார். ஐம்பதைத் தாண்டியவர், கையில் வண்ணம் பூசும் தொழிலாளியின் காய்ந்த கறைகள். டைச் இருந்தால் என்ன, போனால் என்ன என்ற கட்சி. விரல் விட்டு எண்ணினார்: மார்ட்டினெஸ், கூமன், அல்லர்டைஸ், சில்வா, பெனிட்டெஸ், லம்பார்ட். 2016இல் ஃபர்ஹாத் மொஷிரி பங்கு வாங்கியதிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் ஆறு பேர். நடுவில் ஆன்செலோட்டி தானாகவே ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆட்டக்காரர்களை வாங்கினார், அடுத்தவருக்கு அவர்கள் தேவைப்படவில்லை. வெவ்வேறு ஆசாரிகள் ஆளுக்கொரு அறை கட்டிய வீடு மாதிரி இருக்கிறது அணி. “மேனேஜரைத் துரத்தித் துரத்தி இங்க வந்து நிக்கிறோம். 2023 ஜனவரியில ஆட்டம் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம உள்ளேயே உக்காந்து போராடினோம், ஞாபகம் இருக்கா? அது மேனேஜரை எதிர்த்து இல்லை. நிர்வாகத்தை எதிர்த்து.”

அவரைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ரசிகன் முதலாளியை மாற்ற முடியாது. நான்கு வருட ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரனை மாற்ற முடியாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. கூட்டம் கத்தினால் அசையக்கூடிய ஒரே நாற்காலி மேனேஜருடையது. ஆகவே எல்லாக் கோபமும் அந்த நாற்காலிக்குப் போகிறது, அதில் உட்கார்ந்திருப்பவர் செய்த தவறும் செய்யாத தவறும் சேர்ந்து. தியோ கெல்லிக்கு முன்னால் திட்ட யார் இருந்தார் என்று பெரியவர் கேட்டதன் பொருள் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பத்து நாள் முன்பு, டிசம்பர் 19 அன்று, கழகம் கைமாறியிருந்தது. புதிய முதலாளி அமெரிக்காவின் ஃபிரீட்கின் குழுமம். இத்தாலியின் ரோமா கழகமும் அவர்களுடையது. ரோமாவில் அந்த ஒரே வருடத்தில் மொரினோ, டி ரோசி, யூரிச் என்று மூன்று பேரை நீக்கிவிட்டு, ஓய்வுக்குப் போயிருந்த பழைய ரனியேரியை அழைத்து வந்திருந்தார்கள். வரிசையில் இருந்த எல்லாருக்கும் இது மனப்பாடம். பேத்தி அதை நம்பிக்கையாகச் சொன்னாள். பெரியவர் அதையே அச்சத்தோடு கேட்டார்.

திரும்பும் ரயிலில் சாண்ட்ஹில்ஸ் வந்தபோது இருட்டில் புதிய மைதானம் கருத்த மேடாகத் தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லண்டனில் லிவர்பூல் அணி வெஸ்ட் ஹாமுடன் ஆடிக்கொண்டிருந்தது. எவர்ட்டனும் லிவர்பூலும் ஒரே ஊர், நடுவில் ஒரு பூங்காதான் குடிசனுக்கும் அவர்கள் மைதானத்துக்கும் இடைவெளி. அன்றிரவு அவர்கள் 5-0 என்று ஜெயித்தார்கள், லீக்கின் முதலிடத்தில் இருந்தார்கள்.

ஜனவரி 4, போர்ன்மத்தில் 0-1 தோல்வி. 19 ஆட்டத்தில் 17 புள்ளி. ஜனவரி 9, வியாழன், நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். பீட்டர்பரோ அணியுடன் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது டைச் நீக்கப்பட்ட செய்தி வந்தது. லெய்ட்டன் பெய்ன்ஸும் ஷேமஸ் கோல்மனும் அன்றைக்கு மட்டும் பொறுப்பேற்க, அணி 2-0 என்று வென்றது. நள்ளிரவுக்குப் பிறகு பேத்தியிடமிருந்து ஒரு செய்தி. “தாத்தா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். பதினோரு நாள்னு.” சற்று நேரம் கழித்து இன்னொன்று: “நான் கேட்டதுதான் நடந்தது. ஆனா சந்தோஷமா இல்லை.”

இரண்டு நாளில் டேவிட் மோயஸ் வந்தார். 2002 முதல் 2013 வரை இங்கே இருந்தவர், நான் இந்த அணியைப் பார்க்க ஆரம்பித்த வருடத்தின் மேனேஜர். முதல் ஆட்டம் தோல்வி. அடுத்து டாட்டன்ஹாமை 3-2 என்று வென்றது, அங்கிருந்து அணி எழுந்துகொண்டது. பிப்ரவரியில் குடிசன் பார்க்கின் கடைசி லிவர்பூல் ஆட்டத்தில், 98ஆம் நிமிடத்தில் தார்கோவ்ஸ்கி அடித்த பந்து வலைக்குள் போய் 2-2 ஆனபோது, எழுபத்துநான்கு வயதுக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றதாகப் பேத்தி எழுதினாள். 48 புள்ளியோடு 13ஆம் இடம். மே 18 அன்று சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்று அந்தப் பழைய வீட்டிலிருந்து ஆண்கள் அணி விடைபெற்றது. ரயிலில் கேட்ட சிறுவன் முதல் பிரிவு அணியின் ரசிகனாகவே புது மைதானத்துக்குப் போனான்.

ஆகவே அவள் சொன்னது சரி. நான் நினைத்ததும் சரி. பெரியவரிடம் இதை நான் எழுதிக் கேட்கவில்லை. ஏப்ரலில் லிவர்பூலை வென்ற இரவையும், பறிபோன எட்டுப் புள்ளியையும் அந்தச் சரியோடு சேர்த்து வைத்துக் கணக்குப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

2025 செப்டம்பரில் ஃபாரஸ்ட் கழகம் நூனோவை அனுப்பியது. அடுத்து வந்த போஸ்டெகோக்லுவை 39 நாளில் அனுப்பியது. அக்டோபர் 21 அன்று மூன்றாவதாக ஒருவரை அமர்த்தினார்கள்: ஷான் டைச். செய்தியைப் பேத்திக்கு அனுப்பினேன். அவளுக்கு முன்பே தெரியும். தாத்தா அட்டவணையை எடுத்துப் பார்த்தாயிற்றாம். அந்த டிசம்பரில் ஃபாரஸ்ட் அணி ஆற்றங்கரை மைதானத்துக்கு வரவிருந்தது. அன்றைக்கு எவ்வளவு குளிர் அடித்தாலும் கையுறை போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டாராம்.